நெறிமுறைப் பயிற்சி பக்கத்து மேசைக்காரருக்கு

ஆண்டு முடியும்போது பல நிறுவனங்களின் இயக்குநர் குழுவுக்கு ஒரு ஸ்லைடு போகிறது. நெறிமுறைப் பயிற்சியை முடித்தவர்கள் 99 விழுக்காடு, மீதிப் பேர் நீண்ட விடுப்பில் இருக்கிறார்கள் என்று அதில் இருக்கும். கட்டம் பச்சை நிறத்தில் இருப்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்த எண் எதை நிரூபிக்கிறது என்ற கேள்விதான் என்னை விடாமல் உறுத்துகிறது. அந்தப் பயிற்சி எப்படி நடக்கும் என்பது வேலைக்குப் போகிற எவருக்கும் தெரியும். முக்கால் மணி நேரப் பாடம், குறிப்பிட்ட நொடிகள் கழித்தே உயிர்பெறும் ‘அடுத்து’ பொத்தான், கடைசியில் பத்துக் கேள்வி, எட்டு சரியானால் சான்றிதழ், தவறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மீண்டும் எழுதலாம். கேள்விகளை எழுதுகிறவர் சட்டப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தால், நான்கு விடைகளில் சரியானது மட்டும் நிபந்தனைகளோடு நீண்டிருக்கும், மற்ற மூன்றும் எந்தப் பெரியவரும் தேர்ந்தெடுக்க மாட்டாத அசட்டு விடைகளாக இருக்கும். பாடத்தைப் படிக்காதவரும் தேறிவிடுவார். அந்த 99 விழுக்காடு, இத்தனை பேர் பொத்தானை அழுத்தினார்கள் என்பதற்குச் சான்று. அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

பாடத்தைச் சுவையாக்கினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நல்ல நடிகர்களை வைத்து வீடியோ எடுக்கிறார்கள், விளையாட்டு போலப் புள்ளிகள் கொடுக்கிறார்கள், 45 நிமிடத்தை ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டுகிறார்கள். இவையெல்லாம் தேவையற்றவை என்று சொல்லவில்லை. ஆனால் சிக்கல் பாடத்தின் சுவையில் இல்லை, பாடம் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதில் இருக்கிறது. இந்த இடத்துக்கு என்னைக் கொண்டுவந்தது 2012இல் முடிந்த ஒரு வழக்கு.

அமெரிக்க முதலீட்டு வங்கியான மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் சீன நிலச்சொத்துப் பிரிவில் உயர் பதவியில் இருந்தவர் கார்த் பீட்டர்சன். ஷாங்காயில் ஒரு கட்டடத்தில் நிறுவனத்துக்கு இருந்த பங்கை, தானும் சீன அரசு நிறுவன அதிகாரி ஒருவரும் மறைவாகப் பயனடையும்படி கைமாற்றியதும், அதற்காக நிறுவனத்தின் உள்கட்டுப்பாடுகளை ஏமாற்றியதும் அவர்மீதான குற்றம். 2012 ஏப்ரலில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒன்பது மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. நிறுவனத்தின்மீது, அமெரிக்க அரசின் சார்பில் வழக்கு நடத்தும் நீதித்துறை வழக்குத் தொடுக்கவில்லை. அதற்கு நீதித்துறை சொன்ன காரணங்களில் ஒன்று, வெளிநாட்டு லஞ்சத் தடுப்புச் சட்டம் பற்றி நிறுவனம் அவருக்கு ஏழு முறை பயிற்சி கொடுத்திருந்தது, குறைந்தது 35 முறை நினைவூட்டியிருந்தது என்பது. இந்த வழக்கு, பதிவேடு வைத்திருந்தால் நிறுவனம் தப்பிக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டாகத் துறைக்குள் பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. எனக்கு அதில் தெரிவது வேறு. ஏழு பயிற்சியும் 35 நினைவூட்டலும் அந்த ஒரு மனிதரை நிறுத்தவில்லை. 70 ஆக்கியிருந்தாலும் நிறுத்தியிருக்குமா என்பது ஐயமே. விதி தெரிந்தே மீற முடிவு செய்தவருக்கு விதியை இன்னொரு முறை சொல்வதில் என்ன பயன்?

அப்படியானால் பயிற்சியே வீண் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். நானும் அந்தப் பக்கம் சாய்ந்ததுண்டு. ஆனால் முறைகேடுகள் எப்படி வெளிவருகின்றன என்று பார்த்தால் வேறொரு கதவு திறக்கிறது. சான்றளிக்கப்பட்ட மோசடி ஆய்வாளர்கள் சங்கத்தின் 2024 அறிக்கைப்படி, ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மோசடிகளில் 43 விழுக்காடு யாரோ சொல்லித்தான் தெரியவந்தன. உள்தணிக்கை, மேலதிகாரியின் மேற்பார்வை என்று எந்த ஒரு வழியும் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. சொன்னவர்களில் பாதிக்கு மேல் அந்த நிறுவனங்களின் ஊழியர்கள். தப்பு செய்பவரின் கணினியில் பில்லைப் பார்த்தவர், ஒப்பந்தத்தின் தேதியை மாற்றச் சொல்லிக் கேட்கப்பட்டவர், ‘இதில் ஏதோ சரியில்லையே’ என்று உள்ளுக்குள் நினைத்தவர். வகுப்பு அவருக்காக நடத்தப்பட வேண்டும். திருடுகிறவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் இருக்கட்டும். பாடம் எழுதும் கை பக்கத்து மேசைக்காரரை நினைத்து எழுத வேண்டும்.

தெரிந்தும் கையெழுத்துப் போட்டவர்கள்

பக்கத்து மேசைக்காரருக்கு என்ன குறைகிறது? அறிவு குறைகிறது என்று எடுத்துக்கொண்டுதான் நம் பாடங்கள் எல்லாம் எழுதப்படுகின்றன. அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காமின் கணக்கு மோசடி வழக்கைப் படித்தவர்களுக்கு அது அப்படி இல்லை என்று தெரியும். அங்கே கணக்குப் பிரிவில் இடைநிலைப் பொறுப்பில் இருந்த பெட்டி வின்சனிடம், 2000ஆம் ஆண்டு மூன்றாம் காலாண்டுக் கணக்கில் 82.8 கோடி டாலர் செலவைக் குறைத்துக் காட்டும் பதிவுகளைப் போடச் சொன்னார்கள். அது தவறு என்று அவருக்கு உடனே தெரிந்தது. அவரும் உடன் வேலை செய்தவரும் வேலையை விட்டுவிடுவது பற்றிப் பேசினார்கள், விலகல் கடிதம்கூட எழுதினார்கள். இந்த ஒரு முறைதான், நிலைமை சீராகும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நிதித் தலைமை அதிகாரி சமாதானப்படுத்தினார். அடுத்த காலாண்டில் மறுபடி கேட்டார்கள். அதற்கடுத்த காலாண்டிலும். 2005இல் வின்சனுக்கு ஐந்து மாதச் சிறை. கணக்கியல் விதி தெரியாமல் நடந்த தவறு இதில் ஒன்றுகூட இல்லை. அந்த முதல் நாள், மேலதிகாரியின் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. அதைச் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போக ஓர் இடமும், ‘நானும் போட மாட்டேன்’ என்று சொல்ல இன்னொருவரும் வேண்டியிருந்தார்கள்.

அந்த இன்னொருவரின் மதிப்பு எவ்வளவு என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் கீழ்ப்படிதல் சோதனைகளைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. அவற்றில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது 65 விழுக்காடு என்ற எண். ஆணையிடும் ஒருவர் சொன்னார் என்பதற்காக, மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக் கடைசி விசை வரை போனவர்கள் அவ்வளவு பேர். அதே வரிசையில் நடந்த இன்னொரு சோதனையைப் பயிற்சி வகுப்புகளில் யாரும் சொல்வதில்லை. அதில் பங்கேற்பவரோடு கூட இருந்த இருவர், ஆய்வாளர் ஏற்பாடு செய்தவர்கள், நடுவில் ‘இனி நான் செய்ய மாட்டேன்’ என்று எழுந்து ஒதுங்கிக்கொண்டார்கள். அப்போது கடைசி வரை போனவர்கள் 40 பேரில் நான்கே பேர். ஆணையிட்டவர் மாறவில்லை, ஆணையும் மாறவில்லை. மறுத்துப் பேசிய குரல் பக்கத்தில் கேட்டது, அவ்வளவுதான். அந்தக் குரலைப் பழக்குவதுதான் நெறிமுறைப் பயிற்சியின் வேலை என்பது என் உறுதியான கருத்து.

வகுப்பை எப்படி நடத்துவது

குரலைப் பழக்க வேண்டுமென்றால் வாய் திறந்து பேச வேண்டும். தீ விபத்து ஒத்திகையில் படிக்கட்டில் இறங்கிப் பார்க்கிறோம். படிக்கட்டின் படத்தை மட்டும் காட்டி அனுப்பிவிடுவதில்லை. எட்டிலிருந்து பன்னிரண்டு பேர், ஒரு மணி நேரம், ஒரே ஒரு சூழல். இதற்கு மேல் கூட்டினால் பேசாதவர்கள் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். ஒரே அணியிலிருந்து வருவது நல்லது, ஆனால் அந்த அணியின் மேலாளர் அந்த அறையில் இருக்கக் கூடாது. இது ஒன்றைத் தவறவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் வகுப்பு பாழ். மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் உட்கார்ந்திருக்கும் அறையில் எல்லோரும் அவருக்குப் பிடித்த விடையைத்தான் சொல்வார்கள்.

சூழலை எழுதுவதில்தான் பெரும்பாலான உழைப்பு போக வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஆயத்தக் கதைகள் உதவாது. நிறுவனத்தின் புகார்ப் பதிவேடு, உள்தணிக்கைக் குறிப்புகள், திருப்பி அனுப்பப்பட்ட செலவுக் கோரிக்கைகள் ஆகியவற்றிலிருந்து எடுக்க வேண்டும். பெயர், பிரிவு, தொகை எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும். யாரைப் பற்றியது என்று ஒருவர் ஊகித்துவிட்டாலும் அடுத்த புகார் வராது. ஐந்தாறு வாக்கியத்துக்கு மேல் போகக் கூடாது. அதில் வில்லன் இருக்கக் கூடாது, அவசரம் கட்டாயம் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக இப்படி: ‘காலாண்டின் கடைசி நாள், மாலை நான்கு மணி. சரக்கு இன்னும் கிடங்குக்கு வரவில்லை, லாரி வழியில் இருக்கிறது. இன்றைய தேதியில் வரவுச் சீட்டு போட்டால்தான் பில் இந்தக் காலாண்டுக் கணக்கில் சேரும். மேலாளர் உங்களிடம் வந்து, நாளைக்குக் காலையில வந்துடும்ப்பா, இப்பவே போட்டுடு, ஐந்து மணிக்கு நான் அனுப்பணும் என்கிறார். உங்களுக்குப் பதவி உயர்வுக்குப் பரிந்துரை எழுதியவர் அவர்தான்.’ இதில் லஞ்சம் இல்லை, பணப்பெட்டி இல்லை. ஆனால் உண்மையில் ஆட்கள் வழுக்குவது இத்தகைய இடத்தில்தான்.

இப்போது ‘நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் எல்லோரும் ‘மறுத்துவிடுவேன்’ என்பார்கள், வகுப்பு அங்கேயே முடிந்துவிடும். ‘அவரிடம் சொல்லப்போகும் முதல் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள்’ என்று கேட்க வேண்டும். மூன்று நிமிடம், தனித்தனியாக, பேச்சில்லாமல். எழுதத் தொடங்கியதும் அறையின் தன்மையே மாறிவிடும். மறுப்பது சரி என்று தெரிந்தவருக்கும் வாக்கியம் வராது. முதலில் வருவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: ‘இது விதிமீறல் சார்’ என்ற குற்றச்சாட்டு, அல்லது ‘பார்க்கிறேன் சார்’ என்ற நழுவல். முதலாவது மேலாளரைச் சுவரோடு சாய்த்துவிடுகிறது, அவர் திருப்பி அடிப்பார். இரண்டாவதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாக்கியம் கண்டுபிடிப்பதுதான் அந்த ஒரு மணி நேரத்தின் வேலை.

எழுதியதை இருவர் இருவராக எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும். ஒருவர் மேலாளர். அவர் குறைந்தது மூன்று முறை விடாமல் வற்புறுத்த வேண்டும், ஏனென்றால் உண்மையான மேலாளரும் ஒரே மறுப்பில் போய்விடுவதில்லை. ‘எல்லாரும் பண்றதுதானே’, ‘நான் பொறுப்பு ஏத்துக்கறேன்’, ‘உன்னை நம்பித்தான் கேட்டேன்’ என்ற மூன்றும் ஏறத்தாழ எல்லா அலுவலகத்திலும் இதே வரிசையில் வரும். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். மேலாளராக நடித்தவருக்குத்தான் எந்த வாக்கியம் தன்னை நிறுத்தியது என்று தெரியும். அதை அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். நன்றாக நிற்கும் வாக்கியங்களில் பொதுவாக மூன்று கூறுகள் இருக்கின்றன. நடந்ததைத் தீர்ப்பு சொல்லாமல் அப்படியே சொல்வது, தன்னால் முடியாததை ஒரே முறை தெளிவாகச் சொல்வது, முடிந்த ஒன்றைக் கையோடு நீட்டுவது. ‘சார், சரக்கு இன்னும் வரலை. வந்துடுச்சுன்னு என்னால கையெழுத்துப் போட முடியாது. லாரி எங்கே இருக்குன்னு இப்பவே கேட்டு, ஃபைனான்ஸுக்கு நானே மெயில் போடறேன், இந்தக் காலாண்டுல சேர்க்க வழி இருக்கான்னு அவங்களே சொல்லட்டும்.’ கடைசிப் பகுதிதான் முக்கியம். முடிவெடுக்கும் பாரம் அந்த இருவர் கையிலிருந்து, அதற்கென்று இருக்கும் மூன்றாவது கைக்குப் போய்விடுகிறது. மேலாளருக்கும் முகம் காத்துக்கொள்ள ஒரு வழி கிடைக்கிறது.

நடத்துபவர் செய்யும் பெரிய தவறு, நடுவில் புகுந்து சரியான விடையைச் சொல்லிவிடுவது. விதிப்புத்தகத்தைக் கடைசிப் பத்து நிமிடத்தில் எடுத்தால் போதும். அதற்குள் அவர்களே அதைத் தேடத் தொடங்கியிருப்பார்கள். இன்னொன்று, பரிசு வாங்கலாமா கூடாதா என்ற எல்லைத் தொகையை மனப்பாடம் செய்யவைப்பதில் நேரத்தைச் செலவழிப்பது. தொகை ஆண்டுக்காண்டு மாறும், நாட்டுக்கு நாடு மாறும். அது அவர்கள் நினைவில் இருக்க வேண்டியதில்லை, பரிசைப் பதிவு செய்யும் படிவத்தின் தலைப்பில் இருந்தால் போதும். புதிய வெண்டரைச் சேர்க்கும் திரை, பயணச் செலவுக் கோரிக்கை, ஒப்பந்தத் தேதியை மாற்றும் படிவம் போன்ற இடங்களில் இரண்டு வரிக் குறிப்பு வைத்தால், ஆண்டுக்கு ஒரு முறை நடத்தும் பாடத்தைவிட அது அதிகம் உதவும், ஏனென்றால் அது கை விசையில் இருக்கும் நொடியில் கண்ணில் படுகிறது. வகுப்பு முடிந்து மூன்று வாரம் கழித்து அதே குழுவுக்கு ஒரு புதுச் சூழலைக் கொடுத்து மறுபடி ஒரு வாக்கியம் எழுதச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் போதும். இடைவெளி விட்டு நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதே மனத்தில் நிற்கும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் திணிப்பது நிற்காது.

மேலாளருக்குத் தனி வகுப்பு

கீழே இருப்பவர்களைப் பேசப் பழக்கிவிட்டு, மேலே இருப்பவர்களைக் கேட்கப் பழக்காமல் விடுவது ஆபத்தானது. ஊழியர்கள் பெரும்பாலும் புகார் சொல்வதற்கென்று இருக்கும் ஹாட்லைனுக்குப் போவதில்லை, நேராகத் தங்கள் மேலாளரிடம் போகிறார்கள். அதுவும் புகார் என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. டீ நேரத்தில், வேறு ஏதோ பேச்சின் நடுவே, ‘சார், அந்த பில் கொஞ்சம் வித்தியாசமா இருக்கு, இல்ல?’ என்று ஒரு வார்த்தை விழும். அது புகார் என்று அடையாளம் காண்பதுதான் மேலாளர் வகுப்பின் முதல் பாடம். இரண்டாவது, அந்த முதல் ஐந்து நிமிடத்தில் என்ன சொல்லக் கூடாது என்பது. ‘ஆதாரம் இருக்கா?’ என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஆதாரம் தேடுவது சொல்ல வந்தவரின் வேலை இல்லை. ‘அவரா? அவர் அப்படிப்பட்டவர் இல்லையே’ என்பதும் அதே வேலையைச் செய்யும். ‘யாருக்கும் தெரியாமப் பார்த்துக்கறேன்’ என்று வாக்குக் கொடுக்கவே கூடாது, ஏனென்றால் விசாரணை தொடங்கினால் அதைக் காப்பாற்ற முடியாது. தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தெரியும் என்று சொல்லலாம்.

நல்ல மேலாளர்கள்தான் அதிகம் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பிரச்சினையைத் தானே விசாரித்துத் தீர்த்துவிடலாம் என்று, சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு ‘உன்னைப் பத்தி இப்படி ஒரு பேச்சு வருதே, என்ன விஷயம்?’ என்று கேட்டுவிடுவார்கள். எண்ணம் நல்லதுதான். விளைவு, கோப்புகள் அன்று இரவே அழிகின்றன, சொன்னவர் யார் என்று மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. மேலாளர் செய்ய வேண்டியது மூன்று மட்டும்: நன்றி சொல்வது, சொன்னவர் பயன்படுத்திய சொற்களிலேயே அன்றே எழுதிவைப்பது, விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று கவனிக்கும் இணக்கப் பிரிவிடம் ஒரு நாளுக்குள் ஒப்படைப்பது. இதையும் பேசிப் பார்த்துத்தான் பழக வேண்டும். முதல் முறை பேசிப் பார்க்கும்போது ‘ஆதாரம் இருக்கா?’ என்ற கேள்வி அனுபவம் மிக்கவர்கள் வாயிலிருந்தும் தானாக வந்துவிடும்.

பழிவாங்கல் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். வேலையை விட்டு நீக்குவது மட்டும் பழிவாங்கல் இல்லை. கூட்டங்களுக்கு அழைப்பது நின்றுபோவது, மதிப்பீட்டில் ஒரு படி குறைவது, இரவு ஷிப்ட் மாறுவது ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான். புகார் கொடுத்தவரின் மதிப்பீடு, ஊதிய உயர்வு, இடமாற்றம் மூன்றையும் அடுத்த ஓராண்டுக்கு இணக்கப் பிரிவு தன் பங்குக்குப் பார்த்துவர வேண்டும். அவர் வந்து முறையிடட்டும் என்று காத்திருந்தால் அவர் வர மாட்டார்.

டார்கெட்டோடு மோதும்போது

இவ்வளவு செய்த பிறகும் தோற்கக்கூடிய ஓர் இடம் உண்டு. வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் போலிக் கணக்கு திறக்கக் கூடாது என்று ஊழியர்களுக்கு நெறிமுறை வகுப்பில் வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. அதே ஊழியர்களுக்கு ஒவ்வொரு நாளும் விற்பனை இலக்கும் இருந்தது, எட்டாதவர்களுக்கு வேலை நிலைக்கவில்லை. 2016 செப்டம்பரில் அந்த வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோது, சுமார் 5,300 பேர் அதற்கு முன்னரே வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். வகுப்பு ஆண்டுக்கு ஒரு நாள், டார்கெட் நாள்தோறும். எதை ஊழியர் உண்மையான ஆணையாக எடுத்துக்கொள்வார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. எனவே வகுப்புக்கு முன் இணக்கப் பிரிவு செய்ய வேண்டிய வேலை, அந்த அணியின் இலக்குத் தாளைக் கேட்டு வாங்கிப் படிப்பது. நேர்மையான வழியில் எட்ட முடியாத எண் அதில் இருந்தால், அதை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லி மாற்ற வைக்காமல் அந்த அணிக்கு வகுப்பு எடுக்கப் போவது அந்த ஊழியர்களுக்குச் செய்யும் அநீதி. பிடிபடும்போது ‘பயிற்சி கொடுத்தோமே’ என்று அவர்களுக்கு எதிராக அதே பதிவேடு நீட்டப்படும்.

எதை எண்ணுவது

அமெரிக்க நீதித்துறை 2017இல் வெளியிட்டு அதன் பின் பலமுறை திருத்திய, நிறுவனங்களின் இணக்க ஏற்பாடுகளை மதிப்பிடும் வழிகாட்டி, நிறுவனங்களிடம் பயிற்சி நடந்ததா என்பதோடு நிற்பதில்லை. பயிற்சியின் பலனை எப்படி அளந்தீர்கள், கேட்பவர்களுக்கு ஏற்ற மொழியிலும் வடிவத்திலும் கொடுத்தீர்களா என்றும் கேட்கிறது. முடித்தவர்கள் விழுக்காட்டை அதற்குப் பதிலாகக் காட்ட முடியாது. எண்ணத் தகுந்தவை வேறு. வகுப்புக்கு முந்திய மூன்று மாதத்திலும் பிந்திய மூன்று மாதத்திலும் இணக்கப் பிரிவுக்கு வந்த கேள்விகள் எத்தனை? புகார் அல்ல, ‘இதைச் செய்யலாமா?’ என்ற கேள்விகள். அவை கூடினால் வகுப்பு வேலை செய்கிறது. வந்த புகார்களில் பெயர் சொன்னவை எத்தனை, பெயர் மறைத்தவை எத்தனை? பெயர் சொல்பவர்கள் கூடுவது நம்பிக்கையின் அடையாளம். உறவினர் நடத்தும் நிறுவனம் பற்றி ஊழியர்கள் தாமாக முன்வந்து தரும் அறிவிப்புகள், பரிசுப் பதிவேட்டில் மறுத்துத் திருப்பி அனுப்பிய பரிசுகள், இவற்றையும் பிரிவு வாரியாகப் பார்க்கலாம். முந்நூறு பேர் வேலை செய்யும் ஒரு பிரிவிலிருந்து ஓராண்டு முழுக்க ஒரு கேள்விகூட வரவில்லை என்றால் அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள் கொள்ளக் கூடாது. முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். அங்கே ஒப்பந்தத் தொழிலாளர்களும் இரவு ஷிப்ட்காரர்களும் வகுப்புப் பட்டியலிலேயே இல்லாமல் போயிருப்பது அடிக்கடி காணக்கூடியது.

புகாருக்குப் பதில் சொல்லும் வேகமும் பயிற்சியின் பகுதியே. முறைகேட்டைச் சொல்பவர்களைப் பாதுகாக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு ஆணை, புகார் கிடைத்தது என்று ஏழு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், எடுத்த நடவடிக்கை பற்றி மூன்று மாதத்துக்குள் சொல்ல வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் பொருந்தாத இடத்திலும் அந்தக் கெடுவைக் கடைப்பிடிப்பதில் தடை ஏதும் இல்லை. அதோடு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை, வந்த புகார்கள் எத்தனை, உறுதியானவை எத்தனை, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று பெயரும் பிரிவும் நீக்கி ஒரு பக்கம் எழுதி எல்லா ஊழியருக்கும் அனுப்ப வேண்டும். மேல்நிலையில் இருப்பவர்மீது எடுத்த நடவடிக்கையும் அதில் இருக்க வேண்டும். அடுத்த வகுப்புக்கான சூழலை அந்தப் பக்கத்திலிருந்தே எடுக்கலாம். ‘இங்கே சொன்னால் என்ன ஆகப்போகிறது?’ என்று அறையின் பின்வரிசையிலிருந்து எழும் கேள்விக்கு, நடத்துபவர் கையில் அப்போது காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கும்.